தேரை முன்னால இழுங்க பாஸ்!

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்தாச்சு. எங்க ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர் மாக் இன்டர்வியூ வெச்சார். முதல் கேள்வி, 'உன் ஊரைப் பத்தி சொல்லு!'

நான் ஸ்ரீரங்கத்துப் பையன். ராஜகோபுரத்தை விட்டா வேற என்ன சொல்வேன்? 236 அடி உயரம், 13 நிலை. பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமா நின்னு, 1987-லதான் கும்பாபிஷேகம் கண்டது. எடுத்து விட்டேன்... 'பிஃபோர், ஒன் மொட்டை கோபுரம் வாஸ் தேர்.'

சீனியர் நெத்தியில அடிச்சுக்கிட்டார்.

பிரச்னை நம்ம 'இருந்துச்சு'லதான். கூட்டம் இருந்துச்சு, என்கிட்ட சைக்கிள் இருந்துச்சு, காபி சூடா இருந்துச்சு... தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. இங்கிலீஷ்ல மூணும் மூணு ரூட்டு: 'தேர் வாஸ் எ க்ரவுட்', 'ஐ ஹேட் எ சைக்கிள்', 'தி காபி வாஸ் ஹாட்'.

கேட்கிறவருக்குப் புதுசா ஒண்ணைச் சொல்றீங்களா? 'தேர்' முன்னால வரணும் (சித்திரைத் தேர் இல்லீங்க, இது இங்கிலீஷ் தேர்!). அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுன்னா பின்னால போகலாம். 'மை ஃப்ரெண்ட் வாஸ் தேர்' கரெக்ட்தான். 'ஒரு'ன்னா முன்னால, 'அந்த'ன்னா பின்னால. அவ்ளோதான்!

அடுத்தது, 'நாலு கடை இருந்துச்சு'. பேச்சுல ஓகே. இங்கிலீஷ்ல நாலுன்னா 'தேர் வேர்'. இத்தாலிக்காரங்க இதுல தப்பிச்சிடுவாங்க. அவங்க பாஷையிலயே ஒண்ணுன்னா 'செரா', பலதுன்னா 'செரனோ'. ஆனா, அவங்களும் நம்மளோட சேர்ந்து வழுக்குற இடம் ஒண்ணு இருக்கு: 'யூஸ்ட் டு பி'. முன்னே இருந்துச்சு, இப்ப இல்லைங்கிறதுக்கும் அவங்களுக்கு அதே 'செரா'தான்!

2018 ஆகஸ்ட்ல கொள்ளிடத்துல வெள்ளம். அந்த வருஷம் நடந்த ஒரு சம்பவம். அதனால, 'தேர் வாஸ் எ ஃப்ளட்'. மொட்டைக் கோபுரம் காலங்காலமா நின்னு, இப்ப இல்லாமப் போனது. அதனால...

மறுபடி சீனியர் முன்னால உட்கார்ந்தேன். 'தேர் யூஸ்ட் டு பி அன் அன்ஃபினிஷ்ட் டவர் இன் ஸ்ரீரங்கம்.'

இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அப்படியா? யார் கட்டி முடிச்சா?' அகோபில மடத்து 44-வது ஜீயர் கதையைச் சொன்னேன். பத்து நிமிஷம் ஓடுச்சு. கிராமர் சரியானதும், அவர் காதுல விழுந்தது என் தப்பு இல்லை, என் ஊரு!

இந்த வார ஹோம்வொர்க்: உங்க தெருவுல முன்னே இருந்து, இப்ப இல்லாத மூணு விஷயத்தை 'யூஸ்ட் டு பி' போட்டு எழுதுங்க. தெரியலையா? தாத்தாகிட்ட கேளுங்க, முப்பது சொல்வார்!