ஈரம் வேறு, ஈரப்பதம் வேறு

"ஈரப்பதம் குறைந்தால் காற்றுத் துளைகளை அடையுங்கள், தண்ணீர் தெளியுங்கள்." அயல்நாட்டுப் பாம்பு வளர்ப்போரிடையே வேதவாக்காக உலவும் இந்த அறிவுரையை மறுக்கவே இப்பதிவு.

அண்மையில் பெருமாட்டியில் ஒரு நண்பரின் வீட்டில் அதன் விளைவைக் கண்டேன். கண்ணாடிப் பெட்டியின் மேல்வலை முழுவதும் ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தது. தரையில் பரப்பிய தேங்காய்நார்த் தூள் சொதசொதவென்றிருந்தது. உள்ளே பால் பைத்தான் வாய் திறந்து மூச்சுவாங்கியது, மூக்கருகே நுரை. அளவுமானியோ 70 விழுக்காடு என்றது. நண்பர் அந்த எண்ணையே தம் பராமரிப்புக்குச் சான்றாகக் காட்டினார். அவரும் என்னைப் போல் ஆய்வு மாணவர் என்பதே எனக்கு உறுத்தல்.

மொழியியல் பயின்ற எனக்கு, பிழை சொல்லிலேயே தொடங்குவதாகத் தோன்றுகிறது. ஈரம் என்பது தரையில் தங்கிய நீர். ஈரப்பதம் என்பது, ஒரு வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உள்ளது என்னும் விகிதம். இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் தரையை நனைத்துக் காற்றை அடைக்கின்றனர். நனைந்த தரையில் கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதில்கள் புண்ணாகின்றன. தேங்கிய காற்றில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நுரையீரலில் சேரும் சளியை நம்மைப்போல் இருமி வெளியேற்ற அதனால் இயலாது.

காற்று வறண்டால் தோல் துண்டு துண்டாக உரியும், கண்மேல் செதில் ஒட்டிக்கொள்ளும் என்பர். உண்மைதான். அதற்கு மருந்து மூடிய பெட்டியன்று. அகலமான நீர்க்கிண்ணம், ஈரப்பாசி இட்ட ஒரு மறைவிடம், மேலே உலர்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும் ஆழமான தரைப்பரப்பு, ஒருபுறம் தாழ்வாகவும் மறுபுறம் உயரமாகவும் காற்றுவழி: இவை போதும். வெப்பமான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக இரண்டு அளவுமானிகள் வேண்டும். சூடேறினால் நீராவி குறையாமலே விகிதம் குறையும்.

பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் வாழும் நாம் இதை எளிதில் உணர வேண்டும். மார்கழி, தை மாதங்களில் உதட்டை வெடிக்கச் செய்யும் கீழைக்காற்று; ஆடியில் சுவரே வியர்க்கும் மழைக்காலம். இவ்விரண்டுக்கும் எங்கோ எழுதப்பட்ட ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்?

1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் நஞ்செடுக்கும் பாம்புகளை மண்பானையில் வைத்து வாயைப் பருத்தித் துணியால் கட்டுகிறது. அது சில வார ஏற்பாடே, வளர்ப்புக்கு முன்மாதிரியன்று. ஆயினும் பாம்பை அறிந்தோர் காற்றை அடைப்பதில்லை என்பதற்கு அது சான்று.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பாம்புக்குப் பதிவுச்சான்று பெற்றிருக்கிறோம் என்போரிடம் ஒன்று சொல்வேன்: சான்றிதழ் மூச்சுவிடாது. எண்ணை நம்பி உயிரைப் பார்க்கத் தவறுவது ஆய்வறிவுக்கும் இழுக்கு. இன்றே அந்த ஒட்டுநாடாவைக் கிழித்தெறியுங்கள். நுரை கண்டிருந்தால் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.