வாசல் திறந்தது, கமிஷன் குறையுமா?

பெங்களூர் சிவாஜிநகரில் மெஸ் நடத்துகிறவர் ஒரு சாப்பாட்டை 100 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கைக்காரர் நேரில் வந்து வாங்கினால் 100 ரூபாயும் கல்லாப் பெட்டியில் விழும். அதே சாப்பாட்டை செல்போனில் ஆர்டர் பிடிக்கும் கம்பெனி மூலம் அனுப்பினால் கல்லாவுக்கு வருவது வேறு தொகை. இந்தக் கம்பெனிகள் 20 முதல் 30 சதவிகிதம் வரை கமிஷன் பிடிக்கின்றன என்று ஓட்டல்காரர்களின் தேசிய சங்கம் 2021-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. ஆணையமும் 2022 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்டது.

அதே ஏப்ரல் மாதத்தில்தான் மத்திய அரசு வேறொரு வழியைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. ஓ.என்.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திறந்த வணிக வலை அது. தொழில், உள்நாட்டு வர்த்தக வளர்ச்சித் துறையின் முயற்சியால் 2021 டிசம்பரில் லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவானது. முதல் சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஐந்து ஊர்கள் டில்லி, பெங்களூர், போபால், ஷில்லாங், கோயம்புத்தூர். பெங்களூரில் 2022 செப்டம்பர் 30-ந் தேதி 16 பின்கோடு பகுதிகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

மீட்டர் கேஜ், பிராட் கேஜ்

இதில் புதுமை என்ன? இதுவரை ஒவ்வொரு கம்பெனியும் கடைப் பட்டியல், விலை, தள்ளுபடி, டெலிவரி ஆள் எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்குள் பூட்டி வைத்திருந்தது. ஒரு கம்பெனியில் பதிந்த கடை இன்னொரு கம்பெனியின் செயலியில் தெரியாது. மைசூர்ப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து பிராட் கேஜில் வந்தவர் பெங்களூரில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். தண்டவாளத்தின் அகலம் ஒன்றானதும் அந்தத் தொல்லை போயிற்று.

ஏ.பி.ஐ. என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வது இப்படி ஒரு அகலத்தைத்தான். "பட்டியலைக் காட்டு", "விலை சொல்", "ஆர்டர் எடுத்துக்கொள்" என்று ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் எந்த முறையில் கேட்க வேண்டும், பதில் எந்த முறையில் வரவேண்டும் என்ற ஏற்பாடு. அதை வெளியாருக்குத் திறந்துவிட்டால் முன்பின் தெரியாத ஒரு பொறியாளர்கூடத் தன் செயலியை அதில் கோக்கலாம். ஓ.என்.டி.சி.க்கு அடிப்படையான முறையின் பெயர் பெக்கன். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இன்போசிஸ் நந்தன் நிலேகனி.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. மேஜிக்பின் என்பது உள்ளூர் ஓட்டல்கள், கடைகளில் கிடைக்கும் தள்ளுபடிகளைச் சொல்லும் கம்பெனி. அது தன்னிடம் பதிந்த ஓட்டல்களை இந்தப் பொதுப்பாதையில் ஏற்றியது. பேடிஎம் வைத்திருந்தவர், மேஜிக்பின் பெயரையே கேள்விப்படாமல், அந்த ஓட்டல்களிலிருந்து சாப்பாடு வரவழைக்க முடிந்தது. கைச்சரக்கான கடைப் பட்டியலை ஒரு வியாபாரி அடுத்தவருக்கு ஏன் காட்டுகிறார்? பட்டியலைப் பார்க்கும் கண்கள் கூடினால் ஆர்டர் கூடும் என்ற கணக்குத்தான். நஷ்டமும் உண்டு. வாங்குகிறவர் யார், எந்தத் தெரு, என்ன ருசி என்பது முன்னால் நிற்கும் செயலிக்குத்தான் பழகும். பட்டியல் கொடுத்தவர் சமையலறைப் பக்கம் நின்றுவிடுவார்.

2023 மே மாதம் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு செயலிகளில் இரண்டு விலை இருப்பதைப் படம் பிடித்துப் பலர் பரப்பினார்கள். ஓ.என்.டி.சி. வழியில் விலை வெகுவாகக் குறைந்திருந்தது. குறைவுக்குக் காரணம் கமிஷன் மட்டுமல்ல. ஆள் பிடிப்பதற்காக வலை கொடுத்த ஊக்கத்தொகையும் அதில் இருந்தது. பின்னால் அந்தத் தொகையைக் குறைத்தார்கள். பந்தியில் கூட்டமும் குறைந்தது. கல்யாண வீட்டு மொய்யை மாதச் சம்பளம் என்று எண்ணினவர்கள் ஏமாந்தார்கள்.

ஆட்டோவில் பலித்தது

திறந்த வாசலின் பலன் பெங்களூரில் பளிச்சென்று தெரிந்தது சாப்பாட்டில் அல்ல, ஆட்டோவில். 2 கிலோ மீட்டருக்குள் போவதற்கும் செயலிகள் 100 ரூபாய் கேட்கின்றன என்று 2022-ல் புகார் கிளம்பிற்று. அப்போது மீட்டர் கட்டணம் 30 ரூபாய். அக்டோபரில் போக்குவரத்துத் துறை செயலி ஆட்டோக்களை நிறுத்தச் சொன்னது. அடுத்த மாதமே ஆட்டோ டிரைவர் சங்கத்தின் ஆதரவோடு "நம்ம யாத்ரி" வந்தது. இதுவும் பெக்கன் முறையில் ஓடுவது. செயலியின் நிரலையும் வெளியிட்டுவிட்டார்கள். சவாரிக்குக் கமிஷன் கிடையாது. நாளொன்றுக்கு 25 ரூபாய் சந்தா கட்டினால் போதும் என்ற ஏற்பாடு வந்தது. 2023 மார்ச்சில் ஓ.என்.டி.சி.யில் சேர்ந்தது.

இதன் அடி பெரிய கம்பெனிகள் மேலும் விழுந்தது. ராப்பிடோ ஆட்டோவுக்குச் சந்தா முறை கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோவில் கமிஷனைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. அரசாங்க உத்தரவால் மசியாதவர்கள் போட்டியால் மசிந்தார்கள்.

சாப்பாட்டில் ஏன் அப்படி நடக்கவில்லை? ஆட்டோவில் ஆள் இருவர்தான்: டிரைவர், சவாரி. சாப்பாட்டில் ஆர்டர் பிடிப்பவர் ஒருவர், கடையை ஏற்றியவர் ஒருவர், கொண்டு போகிறவர் ஒருவர். சாம்பார் கொட்டிவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவது யார்? புகாரை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்ப ஓ.என்.டி.சி. தனி முறையே வகுத்திருக்கிறது. பசியோடு காத்திருப்பவருக்கோ தான் பணம் கட்டிய செயலி ஒன்றுதான் தெரியும்.

வாசலைத் திறந்தவர் நாளைக்கு மூடவும் செய்யலாம் என்ற பயம் வேறு. ட்விட்டர் 2023-ல் இலவச வாசலை மூடியதும் அதை நம்பித் தொழில் செய்த வெளியார் பலர் தெருவுக்கு வந்தார்கள். ஓ.என்.டி.சி. வாசலுக்கு ஒரு முதலாளி கிடையாது. எனவே அப்படி மூடுவது சுலபமல்ல. ஆனால் சுங்கம் வந்துவிட்டது. 250 ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் 1 ரூபாய் 50 காசு கட்டணம் என்று 2025 ஜனவரியில் ஆரம்பித்தார்கள். அற்பத் தொகைதான். சுங்கம் எப்போதும் அற்பமாகத்தான் ஆரம்பிக்கும்.

டெலிவரி வேலை பார்க்கும் நம்மவர் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவர்களைப் போன்ற தொழிலாளர்களுக்காகக் கர்நாடக அரசு 2025-ல் சட்டம் செய்திருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவிகிதம் வரை நல நிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும் என்கிறது அது. ஒரே கம்பெனியில் வேலை என்றால் யாரைப் பிடிப்பது என்பதில் சிக்கலில்லை. மூன்று கம்பெனி சேர்ந்து ஒரு பொட்டலத்தை அனுப்பும்போது ஆர்டர் பிடித்தவரா, ஆளை அனுப்பியவரா, யார் பொறுப்பு என்ற கேள்வியை இப்போதே சங்கங்கள் எழுப்பினால் நல்லது. விபத்து நடந்த பிறகு கேட்டால் மூவரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள்.

சில்லறைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆண்டு வியாபாரம் வரம்புக்கு உட்பட்ட சிறு கடைகள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, பான் எண்ணைக் கொண்டு சேர்ந்து, இம்மாதிரி செயலிகளில் சரக்கு விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல் விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். அல்சூர்க் கடையிலிருந்து ஒயிட்பீல்டுக்கு அப்பளம் அனுப்பலாம். எல்லை தாண்டி ஓசூருக்கு அனுப்ப வேண்டுமானால் பதிவு செய்தாக வேண்டும்.