கூரைக்குக் கிடைக்கும் பணம்

கொல்கத்தா ஹாத்திபாகானில் உள்ள ஸ்டார் தியேட்டருக்கு நடிகை பினோதினி தாசியின் பெயர் சூட்டப்படும் என்று 2024 டிசம்பரில் முதல்வர் மம்தா பானர்ஜி அறிவித்தபோது, 141 வருடக் கடன் ஒன்று தீர்ந்தது. 1883இல் பீடன் தெருவில் ஸ்டார் உருவானது பினோதினியால்தான். அரங்குக்குப் பணம் போட முன்வந்த இளம் செல்வந்தர் அதற்கு விலையாகக் கேட்டது அவரை. 'பி தியேட்டர்' என்று பெயர் வைப்பதாக வாக்களித்திருந்த சகாக்கள், பதிவு செய்யும்போது 'ஸ்டார்' என்று மாற்றிவிட்டார்கள்.

கடன் தீர்ந்தது பெயர்ப் பலகையில். மேடையின் கதை வேறு. 1888இல் ஹாத்திபாகானுக்கு இடம் மாறிய ஸ்டார், 1991இல் தீக்கு இரையானது. கொல்கத்தா மாநகராட்சி பழைய முகப்பைக் காப்பாற்றி, புதிய அரங்கை 2004இல் திறந்தது. அதன் பிறகு அங்கு பெரும்பாலும் ஓடியது சினிமா. பொதுப் பணத்தில் கட்டடம் பிழைத்தது, நாடகம் பிழைக்கவில்லை.

அதே வட்டாரத்தில் இன்னொரு பழைய அரங்கு மினர்வா. 1893இல் தொடங்கியது, 1959 முதல் உத்பல் தத்தின் குழு நாடகம் போட்ட இடம். பாழடைந்து கிடந்த அதை மாநில அரசு செப்பனிட்டதோடு நிற்கவில்லை. இளம் நடிகர்களைத் தேர்ந்தெடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து, ஒரு குழுவையே அமைத்தது. 2010இல் அக்குழு சௌமித்ர சட்டர்ஜியை நாயகனாக வைத்து 'ராஜா லியர்' நடத்தியபோது டிக்கெட்டுக்குத் தட்டுப்பாடு.

வித்தியாசம் எளிமையானது: ஓரிடத்தில் பணம் கூரைக்குப் போனது, மற்றதில் ஆளுக்கும் போனது. அரசுகளுக்குக் கூரைதான் பிடிக்கும். டெண்டர் விடலாம், கல்வெட்டு பதிக்கலாம். நடிகரின் சம்பளத்துக்குத் திறப்பு விழா நடத்த முடியாது. மத்திய கலாசார அமைச்சகத்தின் நாடகக் குழு மானியத்தில் குருவுக்கு மாதம் ரூ.15,000; சீடர்களுக்கு வயதைப் பொறுத்து ரூ.2,000 முதல் ரூ.10,000 வரை. பெருநகரில் இது வீட்டு வாடகைக்கே காணாது. பகலில் வேறு வேலை, இரவில் ஒத்திகை என்பதுதான் பலரது வாழ்க்கை.

சம்பளம் தரும் அரசு வசனத்தையும் திருத்தாதா? நியாயமான பயம். 1965இல் இதே மினர்வாவில் 'கல்லோல்' நடத்திய உத்பல் தத்தை அன்றைய அரசு விசாரணையின்றிச் சிறையில் வைத்தது. ஆகவே யாருக்குப் பணம் என்பதை அமைச்சரின் அறையில் தீர்மானிக்கக் கூடாது. நாடகக்காரர்கள் உள்ள குழு, காரணங்களை வெளிப்படையாகச் சொல்லி, சில ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் அவசியம். பொதுப் பணத்தில் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு அரங்கிலும் ஆண்டுக்கு இத்தனை மாலைகள், குறைந்த வாடகையில், உள்ளூர் நாடகத்துக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் அரசு காப்பாற்றுவது அரங்கை அல்ல, மனையை.