காக்கைக்குச் சோறு வைக்கலாமா?



புனே பக்கத்துக் கசார்வாடியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். கணவர் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக அங்கேதான் வீடு. மெட்ரோ தூணுக்குப் பக்கத்து மரத்தடியில் இரண்டு காக்கைகள் செத்துக் கிடந்தனவாம். "சார், அமாவாசைக்கு மொட்டை மாடியில சோறு வைக்கலாமா? பேரன் கூடவே ஓடி வருவான். பறவைக் காய்ச்சல்னு பயமுறுத்துறாங்களே!" என்றார். போனை வைப்பதற்கு முன் இன்னொரு கேள்வி: "ஞாயித்துக்கிழமை கோழி எடுக்கலாமா, வேண்டாமா?"

இந்த இரண்டு கேள்வியும் நம் எல்லோர் வீட்டிலும் இருப்பவைதானே? அதனால் அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன்.

காக்கை செத்தாலே பறவைக் காய்ச்சல் என்று ஆகிவிடாது. மின்கம்பியில் அடிபடும், எலி மருந்து தின்ற எலியைக் கொத்தும், வெயில் தாங்காமலும் விழும். ஆனால் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில், நம் மகாராஷ்டிராவிலேயே லாத்தூர் மாவட்டத்து உத்கீர் ஊரில் ஐம்பது காக்கைகள் வரை செத்து விழுந்தன. போபாலில் இருக்கும் விலங்கு நோய் ஆய்வுக்கூடம் சோதித்து, பறவைக் காய்ச்சல்தான் என்றது. 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் விழுந்தவையும் காக்கைகள்தான்.

காக்கைக்கு இது எங்கிருந்து வருகிறது?

இந்தக் கிருமியின் பிறந்த வீடு நீர்ப்பறவைகள். காட்டு வாத்து, கடற்காகம், கரையோரக் குருவி இனங்கள் இதைக் காலங்காலமாக வயிற்றில் வைத்துக்கொண்டு, பெரிய நோய் எதுவும் இல்லாமல் வாழ்கின்றன. எச்சத்தோடு கிருமி குளத்தில் இறங்கும். குளிர்ந்த நீரில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். அதே தண்ணீரைக் குடிக்கிற அடுத்த பறவைக்குத் தொற்றும். பனிக்காலத்தில் இமயமலை தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் நம் புனே மாவட்டத்து பிக்வானுக்கும் வருகின்றன, திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கும் போகின்றன. வருடா வருடம் வந்து போகிறவைதான். அவற்றை எதிரியாகப் பார்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஏன் தெரியுமா? மென்மையாக இருந்த கிருமி கொடூரமாக மாறுவது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரே கொட்டகையில் அடைத்து வைக்கிற இடத்தில். ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி அது உருமாறுகிறது. இன்று உலகைச் சுற்றுகிற எச்5என்1 என்கிற கிருமி வகையின் மூதாதை, 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் கூஸ் வகைப் பண்ணை வாத்து ஒன்றிடம் கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருடம் ஹாங்காங்கில் 18 மனிதர்களுக்குத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் காட்டுப் பறவைகளே ஆயிரக்கணக்கில் மடிந்தன. கொட்டகையில் கொடூரமான கிருமி, பிறந்த வீட்டுக்கே எமனாகத் திரும்பிப் போனது. 2021-ல் இமாசலத்தின் பாங் அணையில் செத்துக் குவிந்தவற்றில் பெரும்பாலானவை அந்த வரித்தலை வாத்துகள்தான்.

காக்கை நடுவில் மாட்டிக்கொண்ட ஜீவன். செத்த பறவையைக் கொத்தும். கோழிக்கடை வாசலில் கொட்டுகிற குடலையும் இறகையும் கொத்தும். நம் தெருவில் கோழிக் கழிவை மூட்டை கட்டி நதியோரம் வீசுகிறவர்களைப் பார்க்கிறோம். யாராவது ஒரு வார்த்தை கேட்கிறோமா?

பண்ணைக்குப் பண்ணை பரவுவதில் சிறகைவிடச் சக்கரத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். முட்டை அட்டையை ஒரு பண்ணையில் இறக்கி, கழுவாமலே அடுத்த பண்ணைக்கு எடுத்துப் போகிறார்கள். கறிக்கோழிக் கூண்டு ஏற்றிய வண்டி ஒரே நாளில் நாலு ஊர் போகிறது. தீவன மூட்டை, வேலையாளின் செருப்பு, உயிர்க்கோழிச் சந்தை என்று வழிகள் ஏராளம். செருப்பு அடியில் ஒட்டிய துளி எச்சம் போதும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து, காலை நனைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வதற்குப் பெரிய படிப்பா வேண்டும்?

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மௌனத்துக்கு. இந்தியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் உறுதியானது நம் மாநிலத்தின் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில், 2006 பிப்ரவரி 18 அன்று. அதற்கு முன்பே பல நாட்களாகக் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல்தான் என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். அதுவும் பறவைக் காய்ச்சலும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் என்பது உண்மை. ஆனால் வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும் என்கிற பயமும் யாருக்குத்தான் இருக்காது? பிறகு லட்சக்கணக்கில் கோழிகள் அழிக்கப்பட்டன. மனிதர்களிடம் எடுத்த மாதிரிகளை நம் புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம் பரிசோதித்தது. நல்லவேளை, ஒருவருக்கும் தொற்று இல்லை.

பண்ணைக்காரரைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியுமா? நோய் உறுதியானால் சுற்றிலும் 1 கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகள் எல்லாம் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். 2021-ல் பர்பணி மாவட்டத்து முரும்பா கிராமத்தில் இரண்டே நாளில் சுமார் 800 கோழிகள் செத்தன. சுய உதவிக் குழு நடத்திய பண்ணை அது. கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர்களுக்கு அந்த இரண்டு நாள் எப்படி இருந்திருக்கும்! அரசு இழப்பீடு தருகிறது. அது தாமதமில்லாமல், நியாயமான விலையில் கைக்கு வந்தால்தான் அடுத்த ஊர்க்காரர் முதல் கோழி சாகும்போதே வாய் திறப்பார். இழப்பீடு தருவதும் நோய்த்தடுப்பு வேலைதான் என்பதை அதிகாரிகள் உணர வேண்டும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக் கோழி? வாங்கலாம். 70 டிகிரி சூட்டில் நன்றாக வெந்தால் இந்தக் கிருமி செத்துவிடும். நம் குழம்புச் சட்டி அதற்கு மேலேயே கொதிக்கிறது. கவனம் வேண்டியது சமைப்பதற்கு முன். பச்சைக் கறியை வெட்டிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள். கறி தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய் நடமாட்டம் இருக்கும் சமயத்தில் ஆஃப் பாயிலை ஒதுக்கி, முட்டையை முழுதாக வேக வையுங்கள்.

ஒரு விஷயம் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுக் குழந்தை ஒன்று இந்தக் காய்ச்சலில் இறந்தது. வீட்டில் கறி வெட்டும்போது கேட்டதென்று ஒரு துண்டு பச்சைக் கறியைக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. பாசத்தில் கொடுத்த துண்டுதானே! கறி வெட்டும் இடத்தில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம். தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊரில் உங்கள் அம்மாவோ மாமியாரோ கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு திடீரென்று சோர்ந்து, தலை வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து விழுந்தால் அவசரமாக அறுத்துக் குழம்பு வைத்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லட்டும், அல்லது 1962 எண்ணைக் கூப்பிடட்டும். செத்த காக்கையைப் பார்த்தால் நாமும் வெறுங்கையால் தொடாமல், மாநகராட்சிக்கு ஒரு போன் போடுவோம்.

அந்த அம்மாவிடம், சோறு வையுங்கள், வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள், எச்சம் இருந்தால் பேரனைத் தொட விடாதீர்கள் என்றேன். செத்த காக்கைகளைப் பற்றி மாநகராட்சிக்குச் சொல்லவும் கேட்டுக்கொண்டேன். அமாவாசை முடிந்த மறுநாள் அவரே கூப்பிட்டார். மாநகராட்சி ஆள் கையுறை போட்டு வந்து எடுத்துப் போனாராம். மாடிச் சுவரில் வைத்த சோற்றுக்கு மூன்று காக்கைகள் வந்தனவாம். பேரன் ஜன்னலுக்கு உள்ளே நின்று எண்ணினானாம்.


ஆசிரியர்