ஜெல் வார்ப்பது எவர் வேலை?

எலக்ட்ரோபோரசிஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ரெக்கார்டு நோட்டில் வரைந்த படம்தான். ஜெல்லை யாரோ முன்னரே வார்த்து வைத்திருப்பார்; பேராசிரியர் செய்து காட்டுவார்; நாம் சுற்றி நின்று பார்த்து முடிவை எழுதிக்கொள்வோம். வார்ப்பது எடுபிடி வேலை, படிப்பு அதன் பிறகே தொடங்குகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இது தவறு என்பதே என் கருத்து.

இம்முறையின் வரலாறே அதற்குச் சான்று. டொரண்டோவில் ஆய்வு செய்த ஆலிவர் ஸ்மித்திஸ், 1955இல் மாவுச்சத்து ஜெல்லைக் கொண்டு இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். சிறு வயதில் தம் தாயார் சட்டைகளுக்குப் போட்ட கஞ்சி, ஆறியதும் உறைந்ததை நினைவுகூர்ந்ததே அதற்கு வித்து! வீட்டு வேலையைக் கவனித்த கண் அல்லவா அது?

இன்று டி.என்.ஏ.வைப் பிரிக்கப் பயன்படும் அகரோஸ், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரின் ஒரு பகுதியே. மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்தும் அகார் தயாராகிறது.

நூறு மில்லி லிட்டர் தாங்கல் கரைசலில் ஒரு கிராம் அகரோஸைக் கொதிக்க வைத்து, தெளிந்ததும் சுமார் 60 டிகிரிக்கு ஆறவிட்டு, சீப்பு பொருத்திய தட்டில் ஊற்ற வேண்டும். தாங்கல் கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றினால் மின்னோட்டம் சரிவரச் செல்லாது. கரையாத துகள் இருந்தால் பட்டைகள் கோணும். அகரோஸைக் கூட்டினால் சல்லடைக் கண்கள் சிறுத்து, சிறு துண்டுகள் நன்கு பிரியும். இவற்றை ஒருமுறை கையால் செய்தவன் மறப்பானா?

செலவு அதிகம் என்பர். உண்மைதான். ஆனால் முதற்பயிற்சிக்கு டி.என்.ஏ. எதற்கு? உணவில் சேர்க்கும் வண்ணங்களும், சாதாரண அகாரும், தொடராக இணைத்த சில ஒன்பது வோல்ட் மின்கலங்களும் போதும். எதிர்மின்னேற்றம் கொண்ட வண்ணங்கள் நேர்முனையை நோக்கி நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். நச்சுள்ள அக்ரிலமைடை மட்டும் ஆசிரியரின் மேற்பார்வைக்கு விட்டுவிடலாம்.

எனவே, மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு ஜெல்லையேனும் தம் கையால் வார்க்க வழிசெய்ய வேண்டும் எனத் துறைப் பேராசிரியர்களை வேண்டுகிறேன். நண்பர்களே, நீங்களும் கேளுங்கள். பார்த்தவன் படம் வரைவான். வார்த்தவனோ, பட்டை கோணியது ஏன் என்று சொல்வான்.