பாதியில் நிற்கும் உரிமை

மலாயாவின் பழைய அரசாங்க ஆண்டறிக்கைகளில் ஒரு கணக்கு உண்டு. தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இறந்தவர்கள் எத்தனை பேர், ஓடிப்போனவர்கள் எத்தனை பேர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்படும்வரை, தவணை முடியாமல் தோட்டத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம். பிடிபட்டால் சிறை. இந்த மண்ணில் நம்மவர்களின் ஓட்டம் அரசாங்க ஏட்டில் ஏறியது அப்படித்தான்.

இன்று ஜொகூரில் அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் பணம் கட்டி ஓடுகிறார்கள். மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் போதாதென்று 50, 100 கிலோமீட்டர், சிலர் 100 மைல். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவெல்லாம் ஓடும் இந்த அல்ட்ரா ஓட்டங்களின் பாதை பல இடங்களில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை. செம்பனைக்கு முன்னால் அங்கே நின்றது கித்தா என்ற ரப்பர் மரம். ஓடுகிறவர்களின் பாட்டிமார் பால் வெட்டிய அதே நிலம். இந்த இரண்டு ஓட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அல்ட்ராவைப் பற்றி நாம் பேசுவது முழுமையாகாது என்று நினைக்கிறேன்.

முதலில் ஓடுகிறவர்கள் படும் பாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஜொகூரில் நீண்ட தூரம் ஓடுவதன் முதல் எதிரி ஈரக்காற்று. குளிர்நாட்டு ஓட்டக்காரருக்கு வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். இங்கே காற்றே நீரால் நிரம்பியிருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடம்பு சூடு இறங்காது. அதனால்தான் பல ஓட்டங்கள் இரவில் தொடங்குகின்றன. காலை ஒன்பது மணிக்குள் எவ்வளவு தூரம் கடந்தோம் என்பதே பாதி ஓட்டத்தைத் தீர்மானித்துவிடும். நனைந்த காலுறைக்குள் பாதம் ஊறி, கொப்புளம் கட்டி, உடையும். தொடை உரசிப் புண்ணாகும். கால் நகம் கறுத்துக் கழன்று விழும். காட்டுப் பாதையென்றால் அட்டை. தாகத்துக்கு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, தலை சுற்றி, மோசமானால் உயிருக்கே ஆபத்து. எனவே உப்புக் கஞ்சி, 100 பிளஸ், வாழைப்பழம், தர்பூசணி என்று ஒவ்வொரு நிலையத்திலும் எதையாவது உள்ளே தள்ள வேண்டும். வயிறோ நள்ளிரவு தாண்டியதும் எதையும் ஏற்க மறுக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மனமும் தடம் மாறும்; வெட்டிப் போட்ட பனைமட்டை ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும்.

இத்தனைக்கும் நடுவே அவர்கள் சிரிக்கிறார்கள். தங்காக் பக்கம் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங்கில், பாறையைப் பற்றி ஏற வேண்டிய ஒரு செங்குத்தான இடத்துக்குக் 'கேஎஃப்சி' என்று பெயர். கோழிக்கடை நினைவில் வாயூறிப் போனவருக்கு அங்கே கிடைக்கும் விளக்கம், 'கில்லர் ஃபார் கிளைம்பர்ஸ்', ஏறுகிறவரைக் கொல்லுமிடம். தண்ணீர் நிலையத்துத் தொண்டர்கள் எல்லா இனத்திலும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "சிக்கிட் லாகி!", "இன்னும் கொஞ்சம்தாண்ணே!" அந்தக் கொஞ்சம் எட்டுக் கிலோமீட்டராக இருக்கும். எல்லாரும் அதைப் பொய் என்று அறிவார்கள்; எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் அடுக்குமாடிப் படியில் பின்பக்கமாக இறங்கும் அண்ணனைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பதும் இந்த ஓட்டத்தில் சேர்த்திதான்.

லேடாங்கிலேயே ஒரு பழைய கதையும் இருக்கிறது. செஜாரா மெலாயு சொல்லும் லேடாங் இளவரசியின் கதை. மலாக்கா சுல்தான் மாமுட் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். காற்றும் குளிரும் பொறுக்க முடியாமல் மற்றவர்கள் பின்தங்கிவிட, மேலே போய்ச் சேர்கிறவன் துன் மாமாட். இளவரசி கேட்ட சீர்: மலாக்காவிலிருந்து லேடாங்வரை ஒரு பொன் பாலம், ஒரு வெள்ளிப் பாலம், ஏழு தட்டுக் கொசுவின் இதயம், குடம் நிறையக் கண்ணீர்; கடைசியில் அரச ரத்தம். மற்றதெல்லாம் முடியும், ரத்தம் மட்டும் முடியாது என்று சுல்தான் அந்த ஆசையை விட்டுவிட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். எதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று ஒரு மனிதர் எண்ணிப் பார்த்து நின்றார். நிற்க அவரால் முடிந்தது.

உலகத்தின் பெயர்பெற்ற அல்ட்ரா ஓட்டங்களில் இரண்டு, நிற்க முடியாத மனிதர்களின் நினைவில் பிறந்தவை. தென்னாப்பிரிக்காவின் விக் கிளாபம் முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்த சிப்பாய். உடன் நடந்து மாண்டவர்களுக்கு நினைவுக்கல் வேண்டாம், அவர்கள் பட்டதைத் தொட்டுப் பார்க்கும் ஓட்டம் வேண்டும் என்று கேட்டு, 1921 மே 24 அன்று காம்ரேட்ஸ் ஓட்டத்தைத் தொடங்கினார். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிற்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். அந்த முதல் ஆண்டு 34 பேர் கிளம்பி 16 பேர் முடித்தார்கள். 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போய் இறங்கிய நம்மவர்களின் வாரிசுகள் வாழும் நேட்டால் பகுதி அது. ஆனால் வெள்ளையரல்லாதாரையும் பெண்களையும் முறைப்படி சேர்த்துக்கொள்ள 1975 வரை ஆயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் தங்கள் வீட்டு வாசல் வழியே போன ஓட்டத்தை டர்பன் தமிழர் ஓரத்தில் நின்று பார்த்தார்கள்.

மற்றொன்று அமெரிக்காவின் பார்க்லி. மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் ஏர்ல் ரே 1977-இல் டென்னசியின் மலைச் சிறையிலிருந்து தப்பி, இரண்டு நாளுக்கு மேல் காட்டில் ஓடியும் அதிகத் தூரம் போகவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டு, அதே காட்டில் 1986-இல் கேரி கான்ட்ரெல் தொடங்கிய ஓட்டம் இது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர் அறுபது காசு. கான்ட்ரெல் சிகரெட்டைப் பற்றவைத்தால் ஓட்டம் தொடக்கம். வழியில் ஒளித்துவைத்த புத்தகங்களிலிருந்து அவரவர் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வர வேண்டும். அறுபது மணி நேரக் கெடுவில் 99 விநாடி மீதமிருக்க, 2024-இல் ஜாஸ்மின் பாரிஸ் அதை முடித்த முதல் பெண் ஆனார். ஆனால் பார்க்லியில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. பாதியில் விட்டு வருகிற ஒவ்வொருவருக்கும், இறந்த சிப்பாய்க்கு ஊதுவதுபோல், ஒரு பியூகல் ஊதுகிறார்கள். தோற்றவருக்கென்று ஒரு சடங்கை அந்த ஓட்டம் வைத்திருக்கிறது.

நம் பக்கம் திரும்புவோம். 1943-இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தபோது ஜொகூர்த் தோட்டங்களும் தப்பவில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை என்ற ஆசை வார்த்தை முதலில். பிறகு லயத்துக்குள் நுழைந்து பிடித்துப் போனார்கள். கூட்ஸ் வண்டியில் அடைத்து சயாமின் பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. அதே ஆண்டு சாங்கியிலிருந்து கொண்டுபோன சுமார் 7,000 போர்க்கைதிகள் மழையில், இரவு இரவாக, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்தக் கைதிகளுக்காவது உடன் மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை. காலராவில் முகாம் முகாமாகச் செத்தார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை அக்டோபரில் இணைந்தது. தோட்டங்களில் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை, செய்தியும் வரவில்லை.

இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 'நம் முன்னோர் எதையும் தாங்கியவர்கள், அந்தத் தாங்கும் சக்தி நம் ரத்தத்தில் இருக்கிறது' என்ற பேச்சு ஓட்டக்காரர்களிடையே பெருமையோடு புழங்குகிறது. அந்தப் பெருமையை நான் ஏற்கவில்லை. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, இருட்டிலேயே நிரைக்கு நடை, ஒரு நாளைக்கு 300 முதல் 500 மரம் வெட்டு, திரும்ப வந்து மரம் மரமாகப் பால் எடுத்து, தோளில் கம்பு போட்டு வாளி சுமந்து ஸ்டோருக்கு நடை: இதைச் செய்த பெண்ணுக்கு அது சாதனை இல்லை, செய்யாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. சயாமில் நடந்தவர் கால் தளர்ந்து உட்கார்ந்தால் அடி. தாங்கியவர்களின் கதைதான் நம்மிடம் வந்து சேர்ந்தது. தாங்காதவர்களுக்குப் பேரப்பிள்ளை இல்லை, கதை சொல்ல. அவர்கள் பட்டதை நம் பயிற்சிக்கு முன்னுரையாக்குவது அவர்களுக்குச் செய்யும் நியாயம் இல்லை.

தாமாக எடுத்த நடை என்று ஒன்றும் நம் வரலாற்றில் இருக்கிறது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் திறந்த, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் ஒளிந்து இரவில் நடந்தார்கள். வண்டி கொடுத்தும் ஏறாமல் நேதாஜியும் கொப்புளம் வெடித்த கால்களோடு அவர்களுடன் நடந்தார். கங்காணி கூப்பிட்டுப் போகாத முதல் நெடும்பயணம் அந்தப் பெண்களில் பலருக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு 1998. கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டி. மாரத்தானைவிட நீண்ட தூரம், கோலாலம்பூரின் புழுக்கம். 4 மணி 10 நிமிடத்தில் முதலாவதாக வந்தவர் கோவிந்தசாமி சரவணன். தங்கம். தோட்டத்துப் பிள்ளைகள் தெருவில் கையை வீசி வேகநடை பழகிய காலம் அது. அந்தப் போட்டியே டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது; சரவணனின் பெயரைச் சொன்னால் இன்றைய இளம் ஓட்டக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

இன்றைய ஓட்டக்காரர் யார்? ஜொகூர் பாருவிலிருந்து பலர் இருட்டோடு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் வேலை செய்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள். தோட்டம் செம்பனையாகி, 2006-க்குப் பிறகு இஸ்கந்தர் திட்டத்தில் வீடமைப்பாகி, லயத்தை விட்டு மாசாயிலும் ஸ்கூடாயிலும் அடுக்குமாடியில் குடியேறிய குடும்பங்கள். இப்படிப்பட்டவர் இரவு ஒன்பது மணிக்குச் சாலையில் ஓடுவதற்கு உடல் எடையும் சர்க்கரை வியாதி பயமும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டென்று நம்புகிறேன். நாள் முழுக்க மற்றவர் கடிகாரத்துக்கு ஓடிய காலுக்கு, அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம். எங்கே திரும்புவது, எங்கே நிற்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். அந்த விடுதலைக்காக நகத்தை இழக்கலாம், தாராளமாக இழக்கலாம்.

அதனால்தான் 'விடாதே, செத்தாலும் நிற்காதே' என்று பனியனில் அச்சடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்றில் ஆலங்கட்டி மழையும் குளிரும் சூழ்ந்து 21 பேர் இறந்தார்கள். முன்னணி வீரர்களும் அவர்களில் அடக்கம். இங்கே குளிர் கொல்லாது, வெயில் கொல்லும். காம்ரேட்ஸில் 12 மணி நேரக் கெடு முடியும் நொடியில், அதிகாரி ஒருவர் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார். ஒரு நொடி தாமதித்தவருக்கும் பதக்கம் இல்லை. அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கெடு என்பது ஓட்டக்காரரைக் காக்கும் வேலியும்கூட. நம் ஏற்பாட்டாளர்கள் கெடுவைத் தளர்த்தாமல், நிலையத்துக்கு நிலையம் மருத்துவ உதவியாளரை வைத்து, 'போதும், உட்காருங்கள்' என்று சொல்லும் அதிகாரத்தை அவருக்குத் தர வேண்டும். விட்டு வருகிறவரை வண்டியில் ஏற்றும்போது கைதட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். தோட்டச் சாலை வழியே போகும் ஓட்டங்களில் தண்ணீர் நிலையங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுகிறார்கள். எண்ணோடு அந்த இடத்தில் இருந்த தோட்டத்தின் பெயரையும், அது எந்த டிவிஷன் என்பதையும் எழுதி வைக்கலாம். அங்கே கோயில் இருந்ததா, பள்ளி இருந்ததா, சயாமுக்கு எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதலாம். ஒரு பலகைக்கும் பெயிண்டுக்கும் பெரிய செலவு ஆகாது. வரைபடங்களில் பல பெயர்கள் இன்று இல்லை. ஆனால் அந்தந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் கூலாயிலும் குளுவாங்கிலும் லாபிஸிலும் இன்னும் இருக்கிறார்கள். பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த ஓட்டத்துக்குப் பாதை வரைகிற இளைஞர்கள், பலகை எழுதுமுன் அந்தப் பாட்டிகள் வீட்டுக்கு ஒருமுறை போய், எந்த வளைவில் எந்த லயம் இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.