மட்டை பிடித்தால் பிழைப்பு கெடுமா?

சங்கரன்கோவிலில் பையன் ஹாக்கி மட்டையைத் தொட்டால் போதும், "படிப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று வீட்டில் ஒரே சத்தம்! பக்கத்து கோவில்பட்டியைப் பார்க்க வேண்டாமா?

அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி இருவரும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார் கார்த்தி! அணிக்கு வெண்கலம் கிடைத்தது.

தெருவில் ஆடினால் ஆசை தீரும், ஆட்டம் வளராது. தினசரி பயிற்சி, செயற்கைப் புல் மைதானம், கண்டிப்பான பயிற்சியாளர், தன்னைவிடக் கெட்டிக்கார எதிராளி எல்லாம் வேண்டும். கோவில்பட்டியில் அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. விடுதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் போகிறார்கள்.

தேர்வு நாளன்று பையனை பஸ் ஏற்றி விடுங்கள். தேறாவிட்டால் போவது பஸ் காசுதானே!